நம்மைச் சுற்றி வரும் பூனையும் நம் மீதுள்ள பொறுப்பும்

படைத்துக் காத்து உணவளிக்கும் அல்லாஹ் தஆலாவுக்கே புகழனைத்தும். அவனுடைய திருத்தூதர் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம், அரியலூர் மாவட்டத்தில் ஏலாக்குறிச்சி என்றோர் ஊர் உண்டு. வீரமாமுனிவர் என்று தமிழுலகம் அறிந்த பாதிரியார் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அடைக்கல மாதா ஆலயத்தால் வெளியூராரும் அறிந்த ஊர் அது. நம் இளைய சகோதரி வாழ்க்கைப்பட்ட வீடு அங்கே இருக்கிறது. சென்ற கோடையில் அங்கு போயிருந்தபோது நடந்த ஒரு சிறு சம்பவமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

மஃரிபு நேரம். ஒளூச் செய்வதற்காகச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார் நம் சகோதரியின் மகள். நாம் சட்டைக் கையைச் சுருட்டி முடிப்பதற்குள் சாம்பல் நிறப் பூனை ஒன்று வந்து செம்பில் வாய் வைத்து நக்கத் தொடங்கிவிட்டது. பிள்ளை பதறிப்போய்த் தண்ணீரைக் கொட்டப் போனார். "இருக்கட்டும்மா, அது குடிக்கட்டும்" என்று தடுத்தோம். அது குடித்து முடித்ததும், மீதித் தண்ணீரிலேயே ஒளூச் செய்தோம்.

தொழுது முடித்ததும் பிள்ளை நம்மிடம் வந்து உட்கார்ந்து கேட்டார்: "மாமா, இது எந்நேரமும் என் காலையே சுத்திச் சுத்தி வருது. நான் தொழுதால் முஸல்லாவில் வந்து படுத்துக்குது. அத்தா இதைச் சாக்குல கட்டி ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுடணும்கிறாங்க. பூனைக்குப் பாசமெல்லாம் கிடையாது, சோத்துக்குத்தான் சுத்துதுன்னு நன்னியும் சொல்றாங்க. அப்படியா மாமா? கொண்டுபோய் விட்டா பாவம் இல்லையா?"

இரண்டு கேள்விகள். ஒன்று, பூனைக்கு நம் மீது பாசம் உண்டா என்பது. மற்றொன்று, உண்டென்றால் நமக்கு என்ன கடமை என்பது. அன்றிரவு பிள்ளைக்குச் சொன்னதையும், பின்னர் நூல்களைப் புரட்டிப் பார்த்து அறிந்ததையும் வாசக நேயர்களுக்கும் சொல்ல விழைகிறோம்.

பூனை தன் பாசத்தைக் காட்டும் விதம்

நம் ஊர்களில் பெரியவர்கள் ஒரு பேச்சுப் பேசுவார்கள். வீட்டுக்காரர் நன்றாக இருக்க வேண்டும் என்று நாய் நினைக்குமாம். அவர் கண் குருடாகிவிட்டால் சட்டியில் உள்ளதையெல்லாம் தின்னலாமே என்று பூனை நினைக்குமாம்! பூனையின் மனத்தை யார் திறந்து பார்த்தார்கள்? அதன் நடத்தையைத்தான் பார்க்க முடியும். பார்த்தவர்கள் சொல்வது வேறாக இருக்கிறது.

முதலாவது, காலில் உரசுதல். பூனையின் கன்னம், நெற்றிப் பொட்டு, மோவாய், வாலின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் ஒரு வகை வாசனையைச் சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. நம் மூக்குக்கு அந்த வாசனை எட்டாது. ஒன்றாக வாழும் பூனைகள் ஒன்றையொன்று உரசித் தம் வாசனையைக் கலந்துகொள்ளும். அதுவே அவற்றின் குடும்ப அடையாளம். நாம் வெளியே போய்விட்டு வீடு திரும்பியதும் பூனை ஓடிவந்து காலில் கன்னத்தைத் தேய்க்கிறதென்றால், வெளி வாசனையோடு வந்த நம்மை மீண்டும் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறது என்று பொருள்.

இரண்டாவது, வாலைச் செங்குத்தாக உயர்த்தி வருதல். குட்டிகள் தாயிடம் போகும்போது இப்படித்தான் போகும். பழகிய பூனைகளும் ஒன்றையொன்று சந்திக்கும்போது இப்படிச் செய்யும். பகையோடு வரும் பூனை வாலை இப்படிப் பிடிக்காது. அது பூனை சொல்லும் ஸலாம் என்றே பிள்ளைகளுக்கு விளக்கலாம்.

மூன்றாவது, கண்ணை மெல்ல மூடித் திறத்தல். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம் என்று பழமொழி சொல்லி அதைக் கேலி செய்கிறோம். ஆனால் எதிரியின் முன் எந்தப் பிராணியும் கண்ணை மூடாது. இங்கிலாந்தின் ஸஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மனிதர் பூனையைப் பார்த்துக் கண்ணை மெல்லச் சுருக்கி மூடித் திறந்தால் பூனையும் அவ்வாறே பதில் செய்கிறது என்றும், அப்படிச் செய்யும் புதியவரிடம்கூட நெருங்கி வர முற்படுகிறது என்றும் கண்டார்கள். கேலிக்கு ஆளான அந்தக் கண்மூடல் உண்மையில் நம்பிக்கையின் அடையாளம்.

நான்காவது, மடியில் ஏறி முன்னங்கால்களால் மாறி மாறிப் பிசைதல். குட்டியாக இருந்தபோது பால் சுரப்பதற்காகத் தாயின் மடியை அப்படிப் பிசைந்தது. வளர்ந்த பின்னும் நம் மடியில் அதையே செய்கிறதென்றால், தாயிடம் கண்ட நிம்மதியை நம்மிடமும் காண்கிறது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். நகம் குத்துகிறதே என்று அடிக்க வேண்டாம். தடித்த துணியொன்றை மடியில் விரித்துக்கொண்டால் போதும்.

ஐந்தாவது, குரல். வளர்ந்த பூனைகள் தமக்குள் 'மியாவ்' என்று கத்திக்கொள்வது மிக அரிது. குட்டி தாயை அழைக்கும் குரல் அது. அந்தக் குரலை வளர்ந்த பின்னும் மனிதர்களுக்காகவே வைத்திருக்கிறது. தொண்டைக்குள் எழும் 'குர்ர்' என்ற ஓசையோ பெரும்பாலும் மனநிறைவைக் காட்டுவது. ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். நோயுற்ற பூனையும், காயம்பட்ட பூனையும்கூட அந்த ஓசையை எழுப்பும். உணவை வெறுத்து ஒரு மூலையில் ஒடுங்கிக்கிடந்து குர்ர் என்றால், அது மகிழ்ச்சியல்ல. கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டிய நேரம்.

ஆறாவது, நம் அருகில் வந்து உறங்குதல். உறக்கத்தில்தான் எந்த உயிரும் பாதுகாப்பற்று இருக்கிறது. முஸல்லாவில் வந்து படுத்ததென்றால், அந்தப் பிள்ளையின் அருகாமையே தனக்குக் காவல் என்று அது எண்ணியிருக்கிறது!

"கூப்பிட்டால் வருவதில்லையே!" என்று சிலர் கேட்பார்கள். ஜப்பான் நாட்டு ஆய்வாளர்கள் 2013இல் இதைச் சோதித்தார்கள். வளர்த்தவரின் குரலையும் அந்நியரின் குரலையும் பூனைகள் பிரித்தறிகின்றன. ஆனால் எழுந்து ஓடி வருவதற்குப் பதிலாகக் காதைத் திருப்புவதோடும் தலையை அசைப்பதோடும் நிறுத்திக்கொள்கின்றன. 2019இல் செய்த மற்றோர் ஆய்வில், தமக்கு வைத்த பெயரையும் அறிகின்றன என்று தெரிந்தது. அதே 2019இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் குட்டிகளை வளர்ப்பவரோடு புதிய அறையில் 2 நிமிடம் வைத்து, பின் 2 நிமிடம் தனியே விட்டு, மீண்டும் அவரோடு சேர்த்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 64 குட்டிகள் அவரைக் கண்டதும் அச்சம் நீங்கி அமைதியடைந்தன. கைக்குழந்தைகளிடம் காணப்படும் அளவும் ஏறக்குறைய இதுவேயாகும். அறை புதியது, வீடு அங்கே இல்லை. ஆள் மட்டுமே பழையவர். ஆகவே பூனை வீட்டைத்தான் நேசிக்கும், ஆளை நேசிக்காது என்ற பேச்சு முழு உண்மையன்று.

சுற்றி வருபவர்கள்

இனி மார்க்கத்திற்கு வருவோம். "காலையே சுத்திச் சுத்தி வருது" என்று அந்தப் பிள்ளை சொன்னாரே, அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மனம் ஒரு ஹதீஸின் பால் சென்றது.

ஹழ்ரத் அபூகதாதா (ரலி) அவர்கள் தம் மருமகள் கப்ஷா அம்மையாரின் இல்லத்திற்கு வந்தார்கள். மருமகளார் ஒளூச் செய்யத் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். பூனையொன்று குடிக்க வந்தது. அபூகதாதா (ரலி) அவர்கள் அதை விரட்டவில்லை. அது வசதியாகக் குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள்! மருமகளார் வியந்து பார்ப்பதைக் கண்டு, பூனை அசுத்தமானதன்று என்றும், அது உங்களைச் சுற்றி வருபவர்களில் உள்ளது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். முவத்தா, அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

இங்கு வரும் 'தவ்வாஃபீன்' என்ற அரபுச் சொல்லைக் கவனியுங்கள். கஅபாவைச் சுற்றி வருவதைத் தவாஃப் என்கிறோமே, அதே வேர்ச்சொல். திருக்குர்ஆனின் 24ஆவது அத்தியாயமான சூரத்துந் நூரின் 58ஆவது வசனத்தில், வீட்டுப் பணியாளர்களும் பருவமடையாத பிள்ளைகளும் மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்று அல்லாஹ் தஆலா விதிக்கின்றான். மற்ற நேரங்களில் குற்றமில்லை என்பதற்கு, அவர்கள் உங்களைச் சுற்றி வருபவர்கள் என்பதையே காரணமாக்குகின்றான். அங்கும் இதே சொல்தான். வீட்டுப் பிள்ளைக்குச் சொன்ன சொல்லைப் பூனைக்கும் சொல்லி, வீட்டாரின் வரிசையில் அதையும் நிறுத்தினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொழுதுகொண்டிருந்தபோது ஒரு பெண்மணி ஹரீஸா உணவு கொண்டுவந்தார். அதை வைக்குமாறு சைகை செய்தார்கள். பூனை வந்து அதில் ஒரு பக்கம் தின்றுவிட்டது. தொழுகை முடித்த அன்னையவர்கள் பூனை தின்ற இடத்திலிருந்தே எடுத்து உண்டு, இதே ஹதீஸைக் கூறினார்கள். இதுவும் அபூதாவூதில் உள்ளது.

அதிகமான ஹதீஸ்களை அறிவித்த ஸஹாபியின் பட்டப் பெயரே 'பூனைக்குட்டியின் தந்தை' என்பது எவ்வளவு அழகு! தவ்ஸ் கோத்திரத்தைச் சேர்ந்த அவர்கள் ஆடு மேய்த்த காலத்தில் ஒரு குட்டியை வளர்த்தார்கள். இரவில் அதை ஒரு மரத்தில் வைத்துவிட்டு, பகலில் எடுத்துப்போய் அதனோடு விளையாடுவார்கள். அதனால் அபூஹுரைரா என்ற பெயர் வந்ததென்று அவர்களே சொன்னதாகத் திர்மிதீயில் வருகிறது.

ஆயினும் பூனையைப் புகழ்வதற்காக ஆதாரமற்றதைச் சொல்லலாகாது. பூனையை நேசிப்பது ஈமானில் உள்ளது என்று வழங்கும் வாசகம் இட்டுக்கட்டப்பட்டது என ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியுள்ளார்கள். முஅஸ்ஸா என்ற பூனை உறங்கியதால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் சட்டைக் கையை வெட்டிவிட்டு எழுந்தார்கள் என்ற கதையும் ஹதீஸ் நூல்களில் இல்லை. இதை ஒத்த நிகழ்ச்சி, ஹிஜ்ரி 578இல் மறைந்த ஷைகு அஹ்மதுல் கபீர் ரிஃபாயீ (ரஹ்) அவர்களைப் பற்றி வரலாற்று நூல்களில் சொல்லப்படுகிறது. சட்டைக் கையில் பூனை உறங்கியது. தொழுகை நேரம் வந்தது. கையை வெட்டிவிட்டுப் போய்த் தொழுதார்கள். திரும்பி வந்து அதைத் தைத்துக்கொண்டார்கள். பெரியோரின் செயலைப் பெரியோரின் செயலாகவே சொல்வோம். நாயகத்தின் மீது ஏற்றிச் சொல்லாதிருப்போம்.

சில மஸ்அலாக்கள்

1. பூனை வாய் வைத்த தண்ணீர் ஷாஃபிஈ மத்ஹபில் சுத்தமானது. அதைக்கொண்டு ஒளூச் செய்யலாம். நாம் அவ்வாறே செய்தோம். ஹனஃபி மத்ஹபில் வேறு தண்ணீர் இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது இலேசான மக்ரூஹ். வேறு இல்லையெனில் மக்ரூஹும் இல்லை. நம் சகோதரி வீட்டார் ஹனஃபிகள். ஆகவே அவர்கள் ஒளூவுக்கு வேறு தண்ணீர் எடுப்பதே நலம். அதற்காகப் பூனையை அடிக்க எந்த மத்ஹபிலும் இடமில்லை.

2. எலியைத் தின்ற வாயோடு அப்போதே வந்து தண்ணீரில் வாய் வைத்தால் அத்தண்ணீர் நஜீஸாகிவிடும். பூனை மறைந்து போய், வேறெங்காவது நிறைந்த நீரில் வாய் வைத்திருக்கக்கூடும் என்ற அளவுக்கு நேரம் கழித்து வந்தால் நஜீஸ் ஆகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு.

3. பூனை முஸல்லாவில் படுப்பதாலோ, தொழுபவரின் முன்னே நடப்பதாலோ தொழுகை முறியாது. உடையில் ஒட்டும் உதிர்ந்த முடி ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸ் ஆயினும் சிறிதளவு மன்னிக்கப்பட்டது. முஸல்லாவை உதறிவிட்டுத் தொழுவது போதுமானது. அதன் சிறுநீரும் மலமும் நஜீஸ். பட்ட இடத்தைக் கழுவியே தொழ வேண்டும்.

4. நம் பூனை அடுத்த வீட்டுக் கோழிக்குஞ்சைப் பிடிக்கும் வழக்கமுடையது என்று தெரிந்த பின்னும் அதைக் காக்காமல் விட்டால், அந்த நஷ்டத்திற்கு ஈடு கொடுக்கும் பொறுப்பு வளர்ப்பவருடையது என ஷாஃபிஈ நூல்கள் கூறுகின்றன. பூனையின் ஹக்கைப் பேணுகிறோம் என்று அண்டை வீட்டார் ஹக்கை மறந்துவிடக் கூடாது.

5. பூனை குறுக்கே போனால் போன காரியம் ஆகாது என்று திரும்பி வருவது ஜாஹிலிய்யாக் காலத்து மூடநம்பிக்கை. துர்ச்சகுனம் பார்ப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துள்ளார்கள்.

6. வளர்ப்பவர் உணவும் தண்ணீரும் கொடுப்பது கடமை. பூனை மாமிசம் உண்ணும் படைப்பு. பால் சோறு மட்டும் அதற்குப் போதாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதும் இல்லை. மீன் கழிவோ சிறிது இறைச்சியோ மசாலாவும் உப்பும் சேர்க்காமல் வேகவைத்துக் கொடுத்து, சுத்தமான தண்ணீர் வைப்பது நல்லது. பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். கருவுற்ற பெண்கள் பூனையின் கழிவை அகற்றும் வேலையைப் பிறரிடம் விடுவது நலம்.

சாக்குப் பையின் பாவம்

இனிப் பிள்ளையின் இரண்டாவது கேள்வி. ஒரு பெண் பூனையைக் கட்டிவைத்து, உணவு கொடுக்காமலும், பூமியில் உள்ள பூச்சி புழுக்களைத் தின்ன அவிழ்த்துவிடாமலும் சாகடித்தாள். அதனால் நரகம் புகுந்தாள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ். அதை அறிவித்தவர்களில் அபூஹுரைரா (ரலி) அவர்களும் ஒருவர்.

"நாங்கள் கட்டிவைக்கவில்லையே, அவிழ்த்துத்தானே விடுகிறோம்!" என்று சிலர் கேட்கலாம். அவிழ்த்துவிடுதல் என்பது, தனக்குத் தெரிந்த இடத்தில் இரை தேட வழிவிடுதல். அறியாத இடத்தில் கொண்டுபோய் எறிவது அதுவாகாது. அங்கே இரை எங்கே, நீர் எங்கே என்று அதற்குத் தெரியாது. அவ்விடத்து நாய்கள் துரத்தும், பூனைகள் கடிக்கும். உணவும் மறுத்து, உணவு தேடும் வழியும் மறுப்பதுதானே அந்தப் பெண் செய்த குற்றம்? சாக்கில் கட்டிக் கொண்டுபோவது அந்தக் குற்றத்திற்கு மிக அருகில் இருக்கிறது என்றே நாம் அஞ்சுகிறோம்.

இப்படி அஞ்சுவதற்கு நம் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. அன்றிரவு அதையும் மச்சானிடம் சொன்னோம். நாம் சிறுவராக இருந்தபோது எங்கள் வீடு கொள்ளிடத்தின் தென்கரையில் இருந்தது. அடுப்படியில் மீனைத் திருடிய ஒரு பூனையைச் சாக்கில் கட்டி, நாமே தோளில் சுமந்து, கோடை மணலில் ஆற்றைக் கடந்து அக்கரையில் அவிழ்த்துவிட்டு வந்தோம். சாக்கிலிருந்து வெளிப்பட்ட பூனை ஓடவில்லை. நம் பின்னாலேயே நடந்து வந்தது. கல்லெறிந்து விரட்டினோம். ஆறாம் நாள் காலை, எலும்பும் தோலுமாக, ஒரு கால் நொண்டியபடி வீட்டு வாசலில் வந்து நின்றது. நம்மைக் கண்டதும் வாலை உயர்த்தியது. சுமந்துகொண்டு போன நம் காலிலேயே கன்னத்தைத் தேய்த்தது. நம் உம்மா அதைப் பார்த்து அழுதார்கள். இரண்டு நாட்களில் அது இறந்துவிட்டது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் தவ்பாச் செய்யும்போதெல்லாம் அந்தப் பூனை நினைவுக்கு வருகிறது.

அந்த உரசலுக்குப் பொருள் என்ன என்று அன்று நமக்குத் தெரியாது. நீ என் கூட்டம், உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டேன் என்பதே அதன் பொருள் என இன்று அறிகிறோம். பாசத்தின் அடையாளங்களைத் தெரிந்துகொள்வது வேடிக்கைக்காக அல்ல. ஓர் உயிர் நம்மை நம்பிவிட்டது என்பதற்கு அவை சாட்சி. நம்பி ஒப்படைக்கப்பட்டதற்குப் பெயர் அமானத் அல்லவா?

பூனை நம்மிடம் வந்த வரலாறும் அப்படித்தான். மாட்டையும் குதிரையையும் மனிதன் பிடித்து வந்து பழக்கினான். பூனையோ தானியக் குதிர்களில் பெருகிய எலியைத் தேடித் தானாகவே மனிதக் குடியிருப்புக்கு வந்தது என்பர். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்திய கல்லறையொன்றில் மனிதருக்கு அருகே பூனையும் அடக்கப்பட்டிருந்ததை 2004இல் அறிவித்தார்கள். அவ்வளவு பழைய உறவு இது. நெல் விளையும் நம் கொள்ளிடக் கரையிலும் பூனை காத்துக் கொடுத்த நெல்மணிகள் எத்தனையோ!

வளர்க்க உண்மையில் இயலாத நிலை வரலாம். அப்போது அன்போடு ஏற்பவரைத் தேடி ஒப்படைக்கலாம். பாலூட்டும் தாயையும் குட்டிகளையும் மட்டும் பிரித்துவிடக் கூடாது. ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துவந்த தோழர்களிடம் அவற்றைத் தாயிடமே திரும்ப வைக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது.

மச்சான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அடைக்கலம்னு பேர் வாங்கின ஊரில் இருந்துகிட்டு, வந்ததை விரட்டினா நல்லாவா இருக்கும்?" என்று மட்டும் சொன்னார். சுபுஹுக்கு எழுந்தபோது, ஒளூச் செய்யும் இடத்திற்குச் சற்றுத் தள்ளி, கொட்டாங்குச்சி ஒன்றில் தனியாகத் தண்ணீர் வைக்கப்பட்டிருந்தது. செம்புக்கு இப்போது தட்டுப் போட்டு மூடி.

அன்புள்ள சகோதர சகோதரிகளே! வீட்டில் பூனை இருந்தால் இன்று ஒருமுறை அதன் கண்ணைப் பார்த்து மெல்லக் கண்மூடித் திறந்து பாருங்கள். பதில் வந்தால், உங்களிடம் ஓர் அமானத் இருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். வாயில்லா ஜீவன்களின் ஹக்கைப் பேணி, மறுமையில் அவற்றின் வழக்கிலிருந்து விடுதலை பெறும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.